படகில் ‘நாமா’, ‘நாங்களா’? — ஒரு பருவத்து நாட்குறிப்பு

பெங்களூரு, 2024 ஜூலை 8, திங்கள்

பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) முதலாண்டுக்குப் புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் தொடங்கியாயிற்று. தமிழ் மாணவர்களுக்கு முதல் விதி: கிரேக்கச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளாதே. பீ, பீட்டா, ஃபீ மூன்றும் ‘ப’வில் போய் விழும். டௌ, டெல்டா, தீட்டா மூன்றும் ‘த’ ஆகும். கப்பா, காமா, கீ மூன்றும் ‘க’. இரண்டாம் வாரத்தில் நோட்டைத் திறந்தால் எந்தச் சொல் எது என்று எழுதியவருக்கே தெரியாது. கையெழுத்து கோணலாக இருந்தாலும் கிரேக்க எழுத்திலேயே எழுதிப் பழக வேண்டும். (இந்தக் குறிப்பில் நானே விதியை மீறப்போகிறேன், அச்சுக்கு வேறு வழியில்லை.)

வேற்றுமையில் தமிழருக்குத் தொல்லை குறைவு. ‘ஐ’, ‘கு’, ‘உடைய’ என்று உருபு காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அங்கேதான் ஒரு மாதம் தடுமாறுவார்கள். நம்மவர்கள் இடறுவது ஆர்ட்டிக்கிளில் (ஆங்கில ‘the’ போன்ற சொல்). தமிழில் அப்படி ஒன்று இல்லையே. மூன்று பால், நான்கு வேற்றுமை, இரண்டு எண்: மொத்தம் 24 இடங்கள். ஒரு நாளைக்கு ஒரு பால் வீதம் மூன்றே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். அதைத் தள்ளிப்போட்டால் பெயர்ச்சொல் அட்டவணைகள் அத்தனையும் மலையாகத் தெரியும்.

ஜூலை 19, வெள்ளி

மூத்த மாணவர்களுக்கு எக்ஸெஜெசிஸ் பேப்பர், அதாவது மூலமொழியிலிருந்து ஒரு பைபிள் பகுதியை ஆராய்ந்து விளக்கும் கட்டுரை. பகுதி மாற்கு 4:35–41, கடலில் எழுந்த சுழல்காற்று. ஏழே வசனம்.

செய்ய வேண்டிய வரிசை இது. கிரேக்க மூலத்தை வரிக்கு வரி இடம் விட்டு அச்செடுக்க வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் அடியில் காலம், வினைப்பாங்கு, எண், இடம், வேர்ச்சொல் எழுத வேண்டும். பிறகு சொந்த மொழிபெயர்ப்பு, அதுவும் தமிழில். அதன்பின் பாடபேதக் குறிப்பு (சுவடிக்குச் சுவடி சொல் மாறும் இடங்கள்), அகராதி. கமெண்டரி, அதாவது பிறர் எழுதிய விளக்கவுரை, கடைசியில்தான். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கமெண்டரி நான்கைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினால் பேப்பர் நாலு பேருடைய கருத்துத் தொகுப்பாக முடியும், வசனம் அதில் இருக்காது.

சொந்த மொழிபெயர்ப்பு ஏன் தமிழில்? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தமிழ்வழியிலேயே இறையியல் படிக்கலாம். இங்கே பாடமும் பேப்பரும் ஆங்கிலம். ஆனால் ஞாயிறு காலை பிரசங்கம் அல்சூரிலோ ஃப்ரேசர் டவுனிலோ தமிழ்ச் சபைக்கு. ஆங்கிலத்தில் எழாத கேள்விகள் தமிழில் எழும். அவற்றைப் பிரசங்க மேடையில் முதன்முதலாகச் சந்திக்கக் கூடாது.

ஜூலை 31, புதன்

பாடபேதக் குறிப்பு. பலர் தாண்டிப்போகும் இடம். இந்தப் பகுதியில் தாண்டினால் பிரசங்கமே மாறிவிடும்.

40ஆம் வசனம், பழைய திருப்புதலில் (சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பு): “ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்? ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று”. 1871இன் இந்தத் திருப்புதலுக்கு அடியில் இருப்பது பிற்காலச் சுவடிகளில் பரவலாகக் காணும் பாடம். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகளில் ‘இப்படி’ இல்லை. ‘ஏன் இல்லை’ என்ற இடத்தில் ‘ஊப்போ’, அதாவது ‘இன்னும் இல்லை’ என்று இருக்கிறது. 1995இன் புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அந்தப் பாடத்தைப் பின்பற்றி ‘இன்னும் நம்பிக்கை இல்லையா’ என்கிறது.

‘இல்லாமற்போயிற்று’ என்றால் இருந்தது தொலைந்தது. ‘இன்னும் இல்லை’ என்றால் வர வேண்டியது வரவில்லை. முதலாவதை வைத்து “முன்பு இருந்த விசுவாசத்தை இழந்தீர்களே” என்று இருபது நிமிடம் பேசலாம். மாற்கு அதைச் சொல்லியிருப்பாரா என்பதுதான் கேள்வி. சபையார் கையில் இருப்பது பழைய திருப்புதல். “உங்கள் பைபிள் தப்பு” என்று மேடையில் அறிவிப்பது கல்லூரியில் படித்த மமதை. “பழைய சுவடிகளில் இது ‘இன்னும்’ என்று இருக்கிறது” என்ற ஒரே வாக்கியம் போதும்.

ஆகஸ்டு 9, வெள்ளி

இன்றைக்கு 38ஆம் வசனம், படகில் தூங்கும் இயேசுவைச் சீஷர்கள் எழுப்பிக் கேட்கும் இடம். இந்த வாரத்தில் எல்லாரும் அதிக நேரம் செலவழித்தது இதற்குத்தான், செலவழிக்கவும் வேண்டும்.

‘அபொல்லுமெதா’ (அழிந்துபோகிறோம்): நிகழ்காலம், தன்மைப் பன்மை. கிரேக்கத் தன்மைப் பன்மையில் கேட்பவரும் சேர்த்தியா இல்லையா என்று தெரியாது. ஆங்கிலத்திலும் தெரியாது, அதனால் ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. தமிழில் மொழிபெயர்ப்பவர் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும். பழைய திருப்புதல் ‘நாங்கள் மடிந்துபோகிறது’ என்கிறது. இயேசுவை வெளியே நிறுத்தியாயிற்று. ‘நாம்’ என்று போட்டிருந்தால் அவரும் சேர்ந்து மூழ்குகிறார்.

வகுப்பில் தெலுங்கு மாணவருக்கும் இதே சங்கடம்: ‘மனமு’, ‘மேமு’. மலையாளத்திலும் உண்டு. கன்னடக்காரர் ‘நாவு’ என்று ஒரே சொல்லில் நிம்மதியாகக் கடந்துபோகிறார்.

தவறு எங்கே நேர்கிறது என்றால், ‘நாங்கள்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு “பார்த்தீர்களா, சீஷர்கள் ஆண்டவரைத் தங்களிலிருந்து பிரித்துவிட்டார்கள்” என்று பிரசங்கம் கட்டும்போது. அது மாற்கு சொன்னதல்ல, மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு. நல்ல முடிவாகவே இருக்கலாம், ‘உமக்குக் கவலையில்லையா’ என்ற குற்றச்சாட்டு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அதன்மேல் அஸ்திபாரம் போடக் கூடாது. திருவிவிலியம் ‘சாகப்போகிறோமே’ என்று பெயரையே விட்டுவிட்டது. ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொது. கெட்டிக்காரத்தனம்.

நீ, நீர் விஷயமும் இப்படித்தான். பிலாத்து இயேசுவை ‘நீ’ என்பதும் இயேசு அவனை ‘நீர்’ என்பதும் தமிழின் மரியாதைக் கணக்கு. கிரேக்கத்தில் இருவருக்கும் ஒரே ‘சூ’.

ஆகஸ்டு 14, புதன்

தமிழில் அறுந்துபோன இழைகள். ‘மெகாஸ்’ என்ற சொல் இந்தப் பகுதியில் மூன்று முறை: காற்றுக்கு, அமைதலுக்கு, பயத்துக்கு. பழைய திருப்புதலில் ‘பலத்த’, ‘மிகுந்த’, ‘மிகவும்’ என்று மூன்றாகச் சிதறியது. பிரசங்கத்தில் ‘பெருங்காற்று, பேரமைதி, பெரும்பயம்’ என்றால் சேர்ந்துவிடும். கடல் அடங்கிய பிறகும் பயம் ‘பெரிது’ என்பதைத் தமிழ்ச் செவி அப்போதுதான் பிடிக்கும்.

இன்னொன்று, ‘இரையாதே, அமைதலாயிரு’. இரண்டாவது சொல் ‘பெஃபிமோசோ’, வாய்கட்டுதல். போரடிக்கிற மாட்டை வாய்கட்டாதே என்று 1 தீமோத்தேயு 5:18இல் வருவதும் இதே வினை. மாற்கு 1:25இல் அசுத்த ஆவியை ‘பேசாமல்’ என்று அடக்கியதும் இதே வினை. ‘அதட்டினார்’ என்பது இரண்டு இடத்திலும் தமிழில் நிலைத்திருக்கிறது, வாய்க்கட்டு மட்டும் மறைந்தது. வினை முற்றுநிலை ஏவல்: கட்டினபடியே இரு. கடலைப் பேயைப்போல் நடத்துகிறார் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

ஆகஸ்டு 17, சனி

நாளை பிரசங்கம். 22 பக்கப் பேப்பரிலிருந்து மேடைக்குப் போக வேண்டியது இரண்டு விஷயம், மிஞ்சினால் மூன்று. இந்தமுறை மூன்று ‘பெரும்’, வாய்க்கட்டு, ‘இன்னும்’. ‘நாங்கள்’ போகாது. விளக்கவே ஏழு நிமிடம் ஆகும், முடிவில் கையில் நிற்பது இலக்கணம்தான். கிரேக்கச் சொல்லை மேடையில் உச்சரிப்பதும் வேண்டாம்.

இங்கே கேட்பவர்களில் தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைய. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படித்த மூன்றாம் தலைமுறை. 38ஆம் வசனத்தின் ‘பின்னணியம்’ தூத்துக்குடிக் கடற்கரையில் புரியும், காக்ஸ் டவுனில் புரியாது. “படகின் பின்பக்கம்” என்று பிரசங்கத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பாடம் வாசிப்பவரிடம் இன்று மாலையே தாளைக் கொடுத்துவிட வேண்டும். ‘இல்லாமற்போயிற்று’ வரி திரும்பும் இடத்தில் உடைந்திருக்கிறது. அப்படியே வாசித்தால் ‘இல்லாமற்’ என்று நிறுத்தி மூச்சு வாங்குவார். பென்சிலால் இரண்டையும் வளைத்துக் கோடு.