நேப்பியர் பாலம்: மூன்று நடையில் ஒரு படம்

முதல் தடவை போனது ராத்திரியில். விளக்கு போட்ட சென்னை நேப்பியர் பாலத்தை ஊரே படம் எடுக்கிறது, நாமும் எடுப்போமே என்று பாலத்து நடைபாதையிலேயே டிரைபாடை நிறுத்தினேன். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் திறந்திருப்பது 8 நொடி. கேமரா திரையில் அருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் வளைவுக்கெல்லாம் இரட்டை விளிம்பு! பேருந்து போகும்போது பாலம் அதிர்வது காலுக்குத் தெரிந்தது, மண்டைக்குத்தான் உறைக்கவில்லை. காமராஜர் சாலையில் வண்டியே வராத 8 நொடிக்கு எங்கே போவது?

அடுத்த வாரம் பாலத்தை விட்டு இறங்கி, சுவாமி சிவானந்தா சாலைப் பக்கம் கூவம் கரைக்குப் போனேன். சாயங்கால வெயில் முதுகில். அதிர்வு இல்லை, ஆனால் படம் சப்பென்று இருந்தது. கொஞ்சம் கோணலாக நின்றதில் முன் வரிசை வளைவும் பின் வரிசை வளைவும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கோழிக்கூண்டு மாதிரி ஆகிவிட்டது. வாடை வேறு. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் கேட்டார்: "இன்னா சார், கூவத்தப் போயி போட்டோ புடிக்கிற?"

பாலம் பிறந்தது 1869-இல், ஆளுநர் நேப்பியர் காலத்தில். கான்கிரீட் வளைவுகள் பின்னால் வந்தவை. 2022 செஸ் ஒலிம்பியாடுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்களே, அதே பாலம். என் தாத்தாவுக்கு இன்னமும் பழைய பேச்சில் 'வாராவதி'தான், அதாவது பாலம். வளைவு வில், கீழே சாலைத்தளம் நாண். வில்லின் முனைகள் விலகிப் போகாமல் நாண் இழுத்துப் பிடிக்கிறது. இது புரிந்த பிறகுதான் வளைவை மட்டும் எடுத்தால் பாதிப் படம் என்று தோன்றியது. நாணும் தெரிய வேண்டும்.

சரி, மூன்றாவது நடை. பிப்ரவரி, விடியற்காலை ஐந்தே முக்கால். அதே கரை, அதே கிழக்குப் பார்வை, இந்த முறை பாலத்துக்கு முடிந்த மட்டும் நேர் எதிரே. சூரியன் எழும்போது பாலத்துக்கு இல்லாமல், வானத்து வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவில் ஒளி அளவு வைத்தேன். பாலம் கறுத்து, வில்லும் நாணும் ஒரே கோடாகத் துலங்கின. காற்று இல்லாததால் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு வில். கடல் ஈரத்தில் லென்ஸ் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மங்கியது, வேட்டித் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன்.

நாற்பத்தொரு படத்தில் ஒன்று தேறியது. அதிலும் இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் மிதக்கிறது. அழிக்க மனசு வரவில்லை.