தேரியில் ரோவர் இறக்கம்: ஏழாவது தடவை

போன ஞாயிறு விடியற்காலை, திசையன்விளைத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், என் ரோவர் என்கிற குட்டி வண்டி நாலு சக்கரமும் பதிய மண்ணில் உட்கார்ந்தது, கயிறும் சரியான நேரத்தில் கழன்றது. மூன்று மாத வேலை.

2012 ஆகஸ்டில் நாசா கியூரியாசிட்டி என்ற ரோவரைச் செவ்வாயில் இறக்கிய முறையைத்தான் செய்து பார்க்கிறேன். அது 899 கிலோ. முன்னால் போன ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி மாதிரி காற்றுப்பைக்குள் வைத்து உருளவிட முடியாத கனம். அங்கே காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, பாராசூட்டை மட்டும் நம்பவும் முடியாது. அதனால் ராக்கெட் பூட்டிய ஒரு மேல்தட்டு, மூன்று நைலான் கயிற்றில் ரோவரைக் கீழே விட்டு, சக்கரம் மண்ணில் நின்றதும் கயிற்றை வெட்டிக்கொண்டு தள்ளிப் போய் விழுந்தது.

எனக்கு ராக்கெட்டுக்குப் பதில் பனை. பனையேறத் தெரிந்த சித்தப்பா இரண்டு மரத்துக்கு நடுவே கம்பி கட்டிக் கொடுத்தார், அதில் கிணற்றுக் கப்பி போட்டு ஒரு பிளைவுட் தட்டைத் தொங்கவிட்டேன். தட்டில் கியர் மோட்டார், மூன்று இழை தங்கூசி (தூண்டில் நைலான் நூல்), கனம் பார்க்க லோடு செல், இழையைப் பிடித்திருக்கும் ஊசியை இழுக்க ஒரு சர்வோ மோட்டார். ரோவர் 640 கிராம். ஒற்றை இழையில் பம்பரமாய்ச் சுற்றியது, முக்கோணமாக மூன்று கட்டியதும் சரியாகிவிட்டது.

மண்டையைக் குடைந்தது வேறு. தரை தொட்டதைத் தட்டு எப்படித் தெரிந்துகொள்ளும்? கனம் பூஜ்யமானால் ஊசியை இழு என்று நிரல் எழுதியிருந்தேன். நாலாம் தடவை காற்று ஒரு வீச்சு வீசி, தட்டு எகிறி இறங்கிய கணத்தில் தங்கூசி தொய்ய, லோடு செல் பூஜ்யம் காட்ட, முழங்கால் உயரத்திலேயே ரோவர் விழுந்தது. முன் அச்சு முறிந்து, கியர் பல் இடுக்கெல்லாம் செம்மண். "மாமா, தரைக்கு வருமுன்னாலயே விட்டுட்டியளே!" என்றான் அக்கா மகன். அவனுக்குத்தான் என்னைவிட வருத்தம்.

அப்புறம்தான் கியூரியாசிட்டியின் வழியை நிதானமாகப் படித்தேன். ரோவரின் கனம் தரைக்குப் போனதும் மேலே உள்ள எஞ்சின்கள் தர வேண்டிய உந்துவிசை ஏறத்தாழப் பாதியாகும், அது குறைந்து அப்படியே நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே வெட்டு, அதுவரை நொடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு அழகான யோசனை! நிலைத்து நிற்பதைப் பார்க்கிற அந்த ஒரு வரி என் நிரலில் இல்லை.

இப்போது பூஜ்யம் ஒன்றரை நொடி தொடர்ந்தால்தான் ஊசி அசையும், மோட்டாரும் அதுவரை இழையை விட்டுக்கொண்டே இருக்கும். ஞாயிறன்று நடுவில் காற்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தது, ஊசி அசையவில்லை. மண்ணைத் தொட்டு, தங்கூசி ரோவர் முதுகில் சுருண்டு விழுந்த பிறகுதான் 'டக்' என்று கழன்றது.

அடுத்து தேரி மேட்டுச் சரிவில். அங்கே இரண்டு சக்கரம் முதலில் தொடும், கனம் பாதியில் நிற்கும். அதற்கு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.