அட்ஜெக்டிவ் வகை பிடிபடலையா? முதலில் தமிழில் சொல்லிப் பாருங்க

டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இங்கிலீஷ் பகுதி 30 மதிப்பெண். அதில் 'கோடிட்ட சொல் எந்த வகை அட்ஜெக்டிவ் (பெயரடை)?' என்ற கேள்வியைக் கண்டாலே நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலர் தயங்கிப்போகிறார்கள். கோபிசெட்டிபாளையத்தில் நானும் இதைப் படித்துத்தான் வந்தேன். இப்போது சாயங்காலத்தில் சொல்லிக்கொடுக்கிறேனுங்க. வகைப் பெயர்களை மனப்பாடம் பண்ணுவதற்கு முன்னால், அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்க. பாதி விடை அங்கேயே வந்துவிடும்.

'திஸ் பேக் இஸ் ஹெவி': இந்த மூட்டை கனமா இருக்குது. 'திஸ் இஸ் மை பேக்': இது என்னோட மூட்டை. 'இந்த' என்று வந்தால் டெமான்ஸ்ட்ரேட்டிவ் (சுட்டிக்காட்டும்) அட்ஜெக்டிவ். 'இது' என்று வந்தால் ப்ரோனவுன் (பிரதிப்பெயர்). 'விச்' எந்த, எது என்று பிரியும். 'ஈச்' ஒவ்வொரு, ஒவ்வொன்றும் என்று பிரியும். 'ஹிஸ் ஷாப்' அவருடைய கடை, அது பொசஸிவ் அட்ஜெக்டிவ். 'தி ஷாப் இஸ் ஹிஸ்' என்றால் கடை அவருடையது, அது ப்ரோனவுன். 'எவ்ரி' தனியாக நிற்கவே நிற்காது, பின்னால் நவுன் (பெயர்ச்சொல்) வந்தே தீரும். தயங்காமல் டிஸ்ட்ரிபியூட்டிவ் (ஒவ்வொன்றாகக் குறிப்பது) என்று குறிக்கலாம். கேள்வி கேட்கும் வகையான இன்டராகேட்டிவில் வாட், விச், ஹூஸ் மூன்றையும் பாருங்க. 'ஹூ' அதில் சேராது.

மேலே சொன்ன 'ஹெவி' டிஸ்கிரிப்டிவ், அதாவது தன்மையைச் சொல்வது. நவுனுக்கு முன்னாலும் வரும், 'இஸ்', 'ஆர்' போன்றவற்றுக்குப் பின்னாலும் வரும். பின்னால் நவுன் இல்லையே என்று அதை ஒதுக்கிவிடாதீங்க.

மதிப்பெண் அதிகம் போவது குவான்டிட்டிக்கும் நம்பருக்கும் நடுவில்தான். ஈரோட்டு மஞ்சள் மண்டியை நினைத்துக்கொள்ளுங்க. எடை போடுவது குவான்டிட்டி, எண்ணுவது நம்பர். 'சம் டர்மெரிக்' கொஞ்சம் மஞ்சள்; 'சம் பேக்ஸ்' சில மூட்டைகள். சொல் ஒன்றேதான், வகையை முடிவு செய்வது பின்னால் வரும் நவுன். 'ஆல்', 'நோ', 'இனஃப்' மூன்றுக்கும் இதே கணக்கு. ஆனால் ஓரிடத்தில் தமிழை நம்பக் கூடாது: 'சம் இன்ஃபர்மேஷன்' என்பதை நாம் 'சில தகவல்கள்' என்போம், இங்கிலீஷில் அது எண்ண முடியாத நவுன், ஆகவே குவான்டிட்டி. அட்வைஸ், ஃபர்னிச்சர் இரண்டும் அப்படியே. இந்த மூன்றையும் நோட்டில் தனியாக எழுதி வையுங்க, கண்ணுகளா.

நாடு போன்ற பெயர்களிலிருந்து வரும் ப்ராப்பர் அட்ஜெக்டிவ் சுலபம். இண்டியன், சைனீஸ் மாதிரி பெரிய எழுத்தில் தொடங்கும். இப்போதைய இலக்கண நூல்கள் திஸ், மை, சம், ஈச் எல்லாவற்றையும் டிட்டர்மினர் (நவுனுக்கு முன்னால் நின்று எது, எவ்வளவு என்று காட்டும் சொல்) என்கின்றன. கேள்வியில் கொடுத்திருக்கும் விடைகளில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துக் குறியுங்க.

கடைசியாக 'வெரி'. 'வெரி ஹாட்' என்றால் ரொம்பச் சூடு, அது அட்வெர்ப். 'தி வெரி பிளேஸ்' என்றால் அதே இடம், அது எம்ஃபசைசிங் (அழுத்தம் தரும்) அட்ஜெக்டிவ். 'மை ஓன் ஹவுஸ்' என்பதில் வரும் 'ஓன்' கூட அந்த வகைதானுங்க.