பேஜ்மேக்கர் கோப்புகளும் லினக்ஸ் தயக்கமும்

ராயப்பேட்டையில் தமிழ்ப் புத்தகங்களுக்கு டைப்செட்டிங் செய்து தரும் சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விண்டோஸை விட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறிவிடலாமா என்ற பேச்சு இங்கே கோடையில் தொடங்கும், ஆடி ஆவணியில் சூடுபிடிக்கும், தீபாவளி தாண்டினால் யாரும் அதை எடுக்க மாட்டார்கள். ஜனவரி வாக்கில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. அதற்குள் வந்தாக வேண்டிய புத்தகங்களின் கடைசித் திருத்தம், அட்டை, விலை எல்லாம் டிசம்பரில்தான் கைக்கு வரும். அந்த நேரத்தில் ஒரு மவுஸை மாற்றக்கூட ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

இந்த முறை பேச்சைத் தள்ளிப்போட முடியவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. எங்கள் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். நன்றாக ஓடுகிற இயந்திரங்களை ஓரங்கட்டிவிட்டு ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிதாக வாங்கு என்றால் சின்ன அலுவலகம் என்ன செய்யும்? பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ள வழி இருந்ததால் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

லினக்ஸ் சென்னைக்குப் புதியதல்ல. பாஸ் லினக்ஸ் என்ற வகையை மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்தே மாணவர்களுக்குப் போனது. எங்கள் வடிவமைப்பாளர் தம்பி அப்படிக் கிடைத்த மடிக்கணினியில்தான் லினக்ஸ் பழகியவர். அவர் ஒரு சனிக்கிழமை மாலை லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு 24.04-ஐ பென்டிரைவில் கொண்டுவந்து, எதையும் நிறுவாமல் அப்படியே ஓட்டிக் காட்டினார். இணையம் வந்தது. தமிழ் வந்தது. தமிழ்99, பழைய தட்டச்சு முறை இரண்டுமே விசைப்பலகைப் பட்டியலில் இருந்தன. பழைய லேசர் பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்தது.

எங்கள் ஆபரேட்டர் அக்கா தட்டச்சு முறையில் ஒரு பத்தி அடித்துப் பார்த்தார். தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய விரல்கள், கீழே பார்க்கவே பார்க்காது. ஓரிரு குறியீடுகள் இடம் மாறியிருந்தன, அதைத் தவிரக் குறை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்: “தம்பி, எழுத்து அடிக்கிறது சரி. திருத்தம் போடுறது, பக்கம் கட்டுறது எல்லாம் புதுசா பழகுற வரைக்கும் பாதிப் பக்கம்தான் முடியும். எனக்குப் பக்கக் கணக்கில்தானே கூலி? அந்த மாசம் யார் குடுப்பாங்க?”

இதைத் தயக்கம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கலாம். பழகும் காலத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார், எங்களைப் போன்ற இடங்களில் அது பெரும்பாலும் குறைந்த கூலி வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. முதலாளியிடம் இதை அப்படியே சொன்னேன். பழகி முடிக்கும் வரை அக்காவுக்கு மாதச் சம்பளக் கணக்கு என்று ஒப்புக்கொண்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் வன்தட்டுகளில் இருக்கிறது. இருபது ஆண்டுக்கும் மேலான புத்தகங்கள் அத்தனையும், புத்தகப் பக்கம் கட்டும் பழைய விண்டோஸ் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள். 2001-ல் வந்த 7.0 பதிப்போடு அந்த மென்பொருள் நின்றுவிட்டது, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் அதற்குத் தெரியாது. கோப்பைத் திறப்பது ஒன்றும் பிரமாதமில்லை, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸின் டிரா என்ற வரைபடப் பகுதியே 4.4 பதிப்பிலிருந்து திறக்கிறது. திறந்த பிறகு உள்ளே இருப்பதுதான் விஷயம். ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த பழைய ஃபாண்டுகள் அவை. ஃபாண்ட் இல்லாத கணினியில் ஒரு சிறுகதைத் தொகுப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத் தெரியும்.

பழைய ஃபாண்டை யூனிகோடாக்கும் கன்வர்ட்டரில் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். நிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறமூலமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன, ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். பழைய ஃபாண்டில் ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அடுத்து ககரம், கடைசியில் கால் என்று பார்வை வரிசையில் கிடக்கும். யூனிகோடில் ககரம் முன்னால், உயிர்க்குறி பின்னால். இந்த இடமாற்றத்தைக் கருவி அழகாகச் செய்துவிடுகிறது. தடுமாறுவது ஔகாரத்தில். பழைய கோப்பில் ‘மௌனம்’ என்பதைக் கொம்பு, மகரம், ளகரம் என்றுதான் அடித்திருப்பார்கள். கருவி அதை ‘மெளனம்’ ஆக்கிவிடும். தாளில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், மின்னூலில் தேடினால் கிடைக்காது. சரி, கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்று என்று விதி எழுதினால் ‘வெள்ளம்’ கெட்டுப்போகும். இதேபோல ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் கால், கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’. அச்சில் சரியாகத் தெரிந்ததால் அந்தக் காலத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஆகவே மாற்றிய ஒவ்வொரு புத்தகத்தையும் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தாக வேண்டும்.

தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. எங்கள் தொழிலில் பல இடங்களில் இன்றும் பழைய ஃபாண்ட்தான். இயங்குதளத்தைப் பற்றி வாதாடுவதற்கு முன்னால் இந்த எழுத்தை மீட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகத் தெரிகிற கோப்பு கையில் இருந்தால், அதற்கப்புறம் விண்டோஸா உபுண்டுவா என்பது ஒரு வார வேலை.

அதனால் வரிசையைத் திருப்பிப் போட்டோம். லிப்ரே ஆபீஸ், படம் வரையும் இங்க்ஸ்கேப், பக்கம் கட்டும் ஸ்கிரைபஸ் மூன்றும் விண்டோஸிலும் ஓடும் என்பதால் முதலில் அங்கேயே நிறுவினோம். பழகிய திரை, பழகிய விசைகள், மென்பொருள் மட்டும் புதிது. ஸ்கிரைபஸில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோக்கப்படும் வசதி 2017-ல் 1.5.3 பதிப்பில்தான் சேர்ந்தது, 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாக வந்தது. முன்பே முயன்று எழுத்து உடைந்து கைவிட்டவர்கள் இப்போது மறுபடி பார்க்கலாம். ஒரு ஃபார்ம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) கட்டி, அச்சுக்கான நான்கு மை முறையான சி.எம்.ஒய்.கே. நிறத்தில் பி.டி.எஃப். எடுத்து, அச்சுத் தகடான பிளேட் போடும் இடத்துக்கு அனுப்பினோம். கொம்பும் சுழியும் பிசகாமல், கறுப்பு எழுத்து கறுப்பு பிளேட்டில் மட்டும் வந்தது. நீளமான அத்தியாயத்தில் திருத்தம் போடும்போது மட்டும் நிரல் மெதுவாகிறது. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வைத்தபின் அக்காவுக்கு எரிச்சல் குறைந்தது.

புத்தகக் காட்சி முடிந்ததும் இரண்டு கணினிகளில் உபுண்டு ஏறும், ஒன்று தம்பிக்கு, ஒன்று மெய்ப்பு பார்க்கும் எனக்கு. அக்காவின் கணினி எப்போது மாறும் என்பதை அக்காவே சொல்வார். டாலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் கணினி விண்டோஸிலேயே இருக்கும், அதைத் தொடும் எண்ணம் இப்போதைக்கு யாருக்கும் இல்லை. பேஜ்மேக்கர் உள்ள பழைய கணினி ஒன்றை இணைய இணைப்பைத் துண்டித்து வைத்துக்கொள்ளப் போகிறோம். மறுபதிப்பு கேட்டு வருகிற புத்தகம் முதலில் அங்கே திறக்கப்படும், யூனிகோடாகி மெய்ப்பு முடிந்த பிறகே அடுத்த மேசைக்கு வரும்.