ஐம்பது கிராமுக்கு ஒரு குரோஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, அரிசியும் பருப்பும் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த கையோடு, மகளுக்கு முன்னால் ஒரு கணக்கில் மூக்குடைபட்டேன்.

அவள் இந்த வருஷம் பிளஸ் ஒன். தமிழ்வழி. முதல் பாடமே மோல் கணக்குதான். பள்ளிக்கூடத்தில் பத்துக் கணக்கு எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். "அப்பா, நீங்க சயின்ஸ் குரூப்தானுங்க?" என்று அவள் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை. 1998இல் பிளஸ் டூ வேதியியலில் 200க்கு 91 வாங்கியவன். அதில் 48 செய்முறையில் வந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. மிச்சத்தை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் திருப்பூர் வந்து பனியன் கம்பெனிகளில் ஸ்டோர் பார்க்கிறேன். பட்டன், ஜிப், லேபிள், நூல், பாலிபேக். இருபத்தைந்து வருஷத்தில் மோல் என்ற சொல்லை ஒருதரம்கூட வாயில் எடுக்கவில்லை.

முதல் நாலு கணக்கு சும்மா. 36 கிராம் தண்ணீரில் எத்தனை மோல்? தண்ணீரின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 18 கிராம், ஆகவே இரண்டு. 22 கிராம் கார்பன் டை ஆக்சைடில்? 44ஆல் வகுத்தால் அரை. அவளே போட்டுவிட்டாள். ஆனால் மோல் என்றால் என்னவென்று கேட்டால் "6.022 × 10²³" என்கிறாள். அது எண்ணிக்கை கண்ணு, மோல் என்னன்னு சொல்லு என்றால் மறுபடியும் அதே எண்.

அப்போதுதான் பட்டன் ஞாபகம் வந்தது. எங்கள் தொழிலில் பட்டன் குரோஸ் கணக்கில் வரும். ஒரு குரோஸ் 144. டஜன் டஜனாகப் பன்னிரண்டு. ஆனால் லோடு வந்து இறங்கினால் யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. ஒரே ஒரு குரோஸை எண்ணி எடைத்தட்டில் போடுவோம். 18 லைன் அளவுச் சட்டை பட்டன் என்றால் ஐம்பது கிராம் பக்கம் நிற்கும். அப்புறம் மூட்டையை அப்படியே நிறுத்து, ஐம்பதால் வகுத்தால் எத்தனை குரோஸ் என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ வந்தால் இருபது குரோஸ், 2880 பட்டன். எண்ண முடியாததை நிறுத்து எண்ணுகிறோம். மோலும் அதேதான். அணுவை எண்ண முடியாது, நிறுக்க முடியும். 144க்குப் பதிலாக வாயில் நுழையாத ஓர் எண், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் படித்த காலத்தில் 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணு இருக்கிறதோ அதுதான் மோல் என்று மனப்பாடம் செய்தோம். 2019 மே 20 முதல் அதையும் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இப்போது எண்தான் முதல்: சரியாக 6.02214076 × 10²³. எடை அதற்குப் பின்னால் வரும். குரோஸ் என்றால் 144 என்று முடிவுசெய்துவிட்டு அப்புறம் தராசுக்குப் போவது மாதிரி. ஸ்டோர்க்காரனுக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

சரி, மூக்குடைபட்ட கதைக்கு வருகிறேன்.

ஐந்தாவது கணக்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. பேரைக் கேட்டாலே பயம் வரும்படி வைத்திருக்கிறார்கள். டியூஷனில் 'லிமிட்டிங் ரீஏஜென்ட்' என்கிறார்களாம். எது முதலில் தீர்ந்துபோகிறதோ அது. அவ்வளவுதான் விஷயம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு அம்மோனியா. 56 கிராம் நைட்ரஜன், 10 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. எது தீரும்?

"ஹைட்ரஜன். பத்தே கிராம்தானே இருக்குது" என்றேன். அவள் முழுதாகப் போட்டுப் பார்த்தாள். நைட்ரஜன் இரண்டு மோல், ஹைட்ரஜன் ஐந்து மோல். இரண்டு நைட்ரஜனுக்கு ஆறு ஹைட்ரஜன் வேண்டும், ஐந்துதான் இருக்கிறது. ஹைட்ரஜன்தான் தீருகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, ஸ்டோர்க்காரன் கண்ணு பாத்தாலே சொல்லிருவான்" என்றேன்.

ஆறாவது கணக்கு. 28 கிராம் நைட்ரஜன், 8 கிராம் ஹைட்ரஜன். இதற்கும் கண்ணாலேயே பார்த்து, "ஹைட்ரஜன்" என்றேன். அவள் பேசாமல் எழுதினாள். நைட்ரஜன் ஒரு மோல். ஹைட்ரஜன் நாலு மோல். வேண்டியது மூன்று. நைட்ரஜன் தீர்ந்துபோய், 34 கிராம் அம்மோனியா வந்து, ஹைட்ரஜன் இரண்டு கிராம் மிச்சம் நிற்கிறது.

"அப்பா, உங்க கண்ணு டெஸ்ட் பண்ணோணுங்க" என்றாள்.

ஐந்தாவது கணக்கில் நான் சொன்னது சரியான விடை, சொன்ன காரணம் தப்பு. இது தப்பான விடையைவிட மோசம், ஏனென்றால் யாரும் பிடிக்க மாட்டார்கள். பரீட்சையில் மார்க்கும் விழும். அடுத்த கேள்வியில்தான் குழி.

இத்தனைக்கும் நான் தினமும் செய்கிற வேலை இது. ஒரு போலோ சட்டைக்கு மூன்று பட்டன். பத்துக் கிலோ துணியும் ஒரு கிலோ பட்டனும் இருந்தால் எது முதலில் தீரும்? துணிதான். கிலோவுக்கு ஐந்து பீஸ் என்று வைத்தால் ஐம்பது சட்டை, அதற்கு 150 பட்டன் போதும். 2730 பட்டன் டப்பாவிலேயே கிடக்கும். ஸ்டோரில் யாராவது "பட்டன் ஒரு கிலோதான் இருக்கு, அதான் முதலில் தீரும்" என்று சொன்னால் நானே சிரிப்பேன். ஹைட்ரஜன் பட்டன் மாதிரி. இரண்டே கிராமில் ஒரு மோல் அடங்கிவிடும். நைட்ரஜனுக்கு 28 கிராம் வேண்டும்.

இதை மகளிடம் சொல்லி இழந்த மானத்தை மீட்கப் பார்த்தேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஒரு பாடியும் மூணு பட்டனும் சேர்ந்தா ஒரு சட்டை. இங்க ரெண்டு அம்மோனியா வருதுங்களே?" என்றாள். நியாயம்தான். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஜோடி ஜோடியாக வருகிற ஆட்கள். வினையில் ஜோடி பிரிந்து வேறு விதமாகச் சேருகிறார்கள். பட்டன் அப்படிப் பிரியாது. என் உதாரணம் அங்கே நொண்டியடிக்கிறது. அவள் பிடித்தாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

ஒன்றை மட்டும் என் பங்குக்குச் சொல்லிக்கொடுத்தேன். கணக்கு முடிந்ததும் கிராமைக் கூட்டிப் பார். 34 அம்மோனியா, 2 ஹைட்ரஜன், மொத்தம் 36. உள்ளே போனது 28உம் 8உம், அதுவும் 36. ஐந்தாவது கணக்கில் 56.67 அம்மோனியா, 9.33 நைட்ரஜன் மிச்சம், கூட்டினால் 66. வரவும் இருப்பும் நேராக நிற்காமல் ஸ்டோர் லெட்ஜரை மூடவே கூடாது. டியூஷனில் இதைச் சொல்வதில்லையாம். ஒரு குறுக்குவழி சூத்திரம் கொடுத்து, அதில் எண்ணைப் போடு என்கிறார்கள். பேர் வேண்டாம், ஆனால் வருஷத்துக்கு வாங்குகிற பணத்துக்கு ஒரு கூட்டல் சொல்லித் தரலாம்.

சமன்பாடு சமன் செய்கிற இரண்டு கணக்கை வேகமாக முடித்தோம். அடுப்பு கேஸில் இருக்கிற பியூட்டேன் எரிவதற்கு இரண்டுக்குப் பதின்மூன்று ஆக்சிஜன் வந்தது. ஆக்சிஜனைக் கடைசியில் தொட்டால் சிக்கல் குறையும், அவ்வளவுதான்.

ஒன்பதாவதில் மறுபடியும் நின்றோம். நீரேறிய காப்பர் சல்பேட்டில் நீரின் சதவீதம் என்ன? நான் காப்பர் சல்பேட்டுக்கு 159.5 என்று போட்டு வைத்தேன். "அஞ்சு தண்ணியை உட்டுட்டீங்க" என்றாள். ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஒட்டியிருக்கிற ஐந்து தண்ணீர் மூலக்கூறு 90, சேர்த்தால் 249.5. நூற்றுக்கு 36.07.

இதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கம்மா, "என்ன சாமி அது காப்பரு?" என்றார். மயில்துத்தம் என்றேன். காங்கேயம் பக்கம் எங்கள் தோப்பில் தென்னைக்குக் குருத்தழுகல் வந்தால் அப்பா போர்டோ கலவை போடுவார். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியாகக் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது.

"ஒரு கிலோ மயில்துத்தத்துல 360 கிராம் வெறும் தண்ணிங்க அப்பத்தா" என்று மகள் சொன்னாள்.

"அடப்பாவி! கெணத்துல இல்லாத தண்ணியா? காசு குடுத்துல்ல வாங்குனாரு உங்க அப்பாரு!"

அப்புறம் அம்மாவே ஒன்றைச் சொன்னார். கலவை ஆனதும் அப்பா பளபளவென்று தீட்டிய கத்தியை அதில் முக்கி எடுத்துப் பார்ப்பாராம். கத்தி செம்பு நிறத்தில் மாறினால் சுண்ணாம்பு பத்தவில்லை, இன்னும் போடு என்பாராம். நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், ஏதோ சாங்கியம் என்று நினைத்திருந்தேன். மகள்தான் நோட்டின் ஓரத்தில் எழுதி விளக்கினாள்: சுண்ணாம்பு முதலில் தீர்ந்துவிட்டால் செம்பு கரைசலிலேயே தங்கிவிடும், இரும்பு அந்தச் செம்பை வெளியே தள்ளித் தன்மேல் படிய வைக்கும். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட எங்கப்பா வரப்பில் நின்று வினைக்கட்டுப்பாட்டுக் காரணி கண்டுபிடித்திருக்கிறார். நான் 200க்கு 91.

பத்தாவது கணக்கு மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல். காஸ்டிக் சோடா 4 கிராம், மோலார் நிறை 40, கரைசல் ஒரு லிட்டர், விடை 0.1. சாயப்பட்டறையில் மாஸ்டராக இருக்கிற மச்சான் ஒருத்தனுக்கு போன் போட்டுக் கேட்டேன். அவனுக்கு மோலாரிட்டி தெரியாது, லிட்டருக்கு எத்தனை கிராம் என்றால் தெரியும். "ஆனா ஒண்ணு மாப்ள, தண்ணியை அளந்துட்டு அதுல காஸ்டிக்கைக் கொட்டக் கூடாது. கரைச்சிட்டு அப்புறம் அளவுக்குத் தண்ணி நிரப்போணும்" என்றான். புத்தகத்தில் 'கரைசலின் கன அளவு' என்று போட்டிருப்பதும் அதைத்தான். மகள் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டாள். மணி பதினொன்று.

திங்கட்கிழமை கம்பெனியில் 2400 போலோவுக்கு பட்டன் ஆர்டர் போட வேண்டியிருந்தது. மூன்று பெருக்கல் 2400, வகுத்தல் 144, சரியாக ஐம்பது குரோஸ். கால்குலேட்டர் இல்லாமலே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். மத்தியானம் மெர்ச்சண்டைசர் தம்பி வந்து நின்றான்.

"அண்ணா, வாஷ்கேர் லேபிள்ல தைக்கிற ஸ்பேர் பட்டன் சேர்த்தீங்களா?"

சேர்க்கவில்லை. பீஸுக்கு ஒன்று, 2400. இன்னும் பதினேழு குரோஸ், 850 கிராம். ராத்திரி இதை வீட்டில் சொன்னபோது மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அஞ்சு தண்ணி" என்றாள்.