கெர்னல் க்ளோன் பாதியில் அறுந்தால்

கோட் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், ஒரு ரெப்போவை (கோட் களஞ்சியத்தை) நகலெடுக்கும் க்ளோன் கட்டளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. 90 சதவீதத்தில் இணைப்பு போனாலும் மறுபடி பூஜ்யம்தான். லினக்ஸ் கெர்னல் மாதிரி ரெப்போவை ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். க்ளோனில் டெப்த் 1 (--depth 1) போட்டு கடைசி கமிட்டை (கடைசிப் பதிவை) மட்டும் எடுங்கள். பிறகு மிச்சத்தை இழுக்கும் ஃபெட்ச் கட்டளையில் டீப்பன் (--deepen) கொடுத்துப் பழைய வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தலாம். அறுந்தால் அந்தத் துண்டு மட்டுமே நட்டம். டீப்பனுக்கு எடுத்த எடுப்பில் 1000 என்று போடாதீர்கள். கெர்னலில் மெர்ஜ் (கிளைகள் ஒன்றுசேர்வது) அதிகம், 50 போட்டாலே ஆயிரக்கணக்கில் கமிட் வந்து கொட்டும்.

முழு வரலாறும் வேண்டுமா? ரெப்போவை ஒரே கோப்பாகக் கட்டி கெர்னல்.ஆர்க் தரும் க்ளோன்.பண்டிலை கர்ல் என்ற பதிவிறக்கக் கருவியில் '-C -' போட்டு இறக்குங்கள், அது விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் கோப்பிலிருந்தே க்ளோன் செய்து, ரிமோட் முகவரியை (எங்கிருந்து இழுப்பது என்பதை) கெர்னல்.ஆர்க் ரெப்போவுக்கு மாற்றி, மிச்சத்தை ஃபெட்ச் செய்தால் போதும்.

க்ளோன் அறுந்தால் போஸ்ட்பஃபர் (http.postBuffer) என்ற கிட் அமைப்பின் அளவை ஏற்றச் சொல்லி ஊரெல்லாம் ஆலோசனை உலவுகிறது. அது நம் மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பும் புஷ்ஷுக்கானது ஐயா, க்ளோனுக்கு அல்ல.