சுழி

முடி வெட்டி முடித்ததும் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, "சரியாக இருக்கிறதா சார்?" என்று கேட்பேன். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் இத்தனை வருடம் கடை நடத்தினேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஓர் ஆசிரியர், வெட்டிய இரண்டாம் நாளே திரும்பி வந்தார். "தம்பி, தலை காய்ந்ததும் உச்சியில் ஒரு கொத்து மட்டும் சேவல் கொண்டை போல நிற்கிறது" என்றார். உட்கார வைத்துப் பார்த்தேன். சுழி! தண்ணீர் தெளித்து வெட்டும்போது முடி படிந்து நீளமாகத் தெரியும். காய்ந்ததும் சுருங்கி எழும்பிவிடும். நானோ சுழியிலும் ஒட்ட வெட்டியிருக்கிறேன். வெட்டியதை எடுத்து ஒட்டவா முடியும்? மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். பாவம், பொறுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் தண்ணீர் தெளிக்கும் முன்பே சுழியைத் தேடிவிடுகிறேன். அங்கே கொஞ்சம் நீளம் விடுகிறேன். "சின்னதாக வெட்டுங்கள்" என்றால் உடனே மெஷினை எடுப்பதில்லை. மெஷினில் மாட்டும் சீப்பைக் காட்டி, ஒன்றாம் நம்பர் என்றால் 3 மில்லிமீட்டர் முடி நிற்கும், இரண்டாம் நம்பர் என்றால் 6 என்று சொல்லிக் கேட்கிறேன். முதல் கேள்வியும் மாறிவிட்டது: "போன தடவை வெட்டியது வீட்டில் எப்படி இருந்தது?"

நேற்று அதே ஆசிரியரிடம் கேட்டேன். சுழி சரியாகிவிட்டதாம். வலது கிருதாதான் சற்று ஏறியிருந்ததாம்.